நாற்பத்திரண்டு சுற்று

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம்தான் வயிறு எரியும். சென்னை மேடம் வீடியோ காலில் "எக்ஸலண்ட்" என்று சொன்ன அன்று இரண்டும் சேர்ந்தே நடந்தது. மேடம் சொன்னது என்னைப் பார்த்து அல்ல. எனக்குப் பக்கத்து நாற்காலியில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் பயிற்சி மையம். பெண்களுக்கு மோட்டார் காயில் கட்டச் சொல்லிக் கொடுக்கிற இடம். கிணற்று மோட்டார் புகைந்து நின்றுபோனால், உள்ளே எரிந்து கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிப் போட வேண்டும். அந்த வேலைதான். சென்னையில் ஓர் அறக்கட்டளை மூன்று வருஷத்துக்கு ஃபண்டு கொடுத்தது. வாடகை, கரண்டு, கம்பி, மத்தியானச் சாப்பாடு, வருகிற பெண்களுக்குப் பஸ் காசு, எல்லாம் அதிலிருந்துதான். நான் அங்கே டீச்சர். அவள் மொபிலைசர். அதாவது, ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, பயிற்சிக்குப் பெண்களைக் கூட்டி வருகிற வேலை. கம்பியைக் கையால் தொட வேண்டிய அவசியமே இல்லாத வேலை.

ஜூன் மாதத்தோடு ஃபண்டு முடிகிறது, அதற்குப் பிறகு மையம் எப்படி நடக்கும் என்று நீங்களே ஒரு பிளான் தயார் செய்யுங்கள் என்று மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் பதினோரு பக்கம் எழுதினேன். தங்கை மகளைக் கெஞ்சி டைப் செய்ய வைத்தேன். ஊரில் பெரிய கைகளைப் பார்ப்பது, கம்பெனிகளுக்கு எழுதிப் போடுவது, அரசாங்கத் திட்டம் எதிலாவது ஒட்டிக்கொள்வது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். பெண்கள் காயில் கட்டுகிற போட்டோக்களைக்கூட நடுநடுவே சேர்த்தேன். மேடம் அதைத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எல்லாத்துலயும் இன்னொருத்தர் வந்து கொடுக்கணும்னே இருக்கே" என்றார். அப்புறம் அவளைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

"மேடம், நம்ம பிள்ளைய மூணு வருசமா இங்க இருக்க அதே மோட்டாரையே கட்டிக் கட்டிப் பிரிச்சுக்கிட்டு இருக்குதுவ. அச்சன்புதூர்லயும் எங்க வடகரையிலயும் எரிஞ்ச மோட்டாரு எத்தனையோ கெடக்கு. அதை இங்கன கொண்டாந்து இவங்களயே கட்டச் சொல்லுவோம். சம்சாரி குடுக்க கூலியில வாடகையும் கரண்டும் ஓடிரும். பிள்ளையளுக்கும் நெச வேலை படிச்ச மாதிரி ஆச்சு."

"எக்ஸலண்ட்!"

எனக்குக் காது கொதித்தது. இருபது வருஷம் மோட்டார்க் கடையில் கிடந்தவள் நான். மோட்டார் கட்டினால் கூலி வரும் என்பது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? ஊரெல்லாம் யார் யாரிடமோ போய்க் கை நீட்டலாம் என்று பதினோரு பக்கம் எழுதிய எனக்குக் கண்ணெதிரில் இருந்தது தெரியவில்லையே என்று என்மேல்தான் ஆத்திரம் வந்திருக்க வேண்டும். அவள்மேல்தான் வந்தது. மனுஷ மனசு அப்படித்தான் வேலை செய்கிறது. என்னுடையதாவது அப்படித்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். தென்காசி பஜாரில் ஒரு சந்துக்குள் என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார். நான் பின்கட்டில், தட்டியடைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காயில் கட்டுவேன். கல்யாணமான புதிதில் சும்மா இருக்க முடியாமல் படித்துக்கொண்ட வேலை. போகப் போக அவரைவிட எனக்குக் கை நன்றாக வந்தது. அது அவருக்கும் தெரியும். ஆனால் மோட்டாரை எடுத்துப் போக வருகிற விவசாயிகள், எங்கள் பக்கத்துப் பேச்சில் சம்சாரிகள், "அண்ணாச்சி, உங்க கை மாதிரி வராது" என்று அவரிடம்தான் சொல்லுவார்கள். அவர் சிரித்துக்கொள்வார். ஒரு நாளாவது, "உள்ள இருக்கவ கட்டுனது" என்று சொன்னதில்லை.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் ஒரு வேலை செய்தேன். நான் கட்டி முடித்த மோட்டாரில், வயர் கொடுக்கிற பெட்டியின் மூடிக்குள், வெளியே தெரியாத இடத்தில், என் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். அதிலிருந்து நான் கட்டுகிற ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பொட்டு. அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஊரில் எத்தனை கிணற்றடியில் என் பொட்டு இருக்கிறது என்று நினைத்தால் ஒரு திருப்தி.

அப்புறம் அவருக்குத் தோள்பட்டை போய்க் கடையை மூடினோம். அந்த நேரத்தில்தான் இந்த மையம் வந்தது. வாசலில் ஒரு பலகை வைத்து, 'பயிற்சியாளர்' என்று போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினார்கள். முதல் நாள் அந்தப் பலகைக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மையம் மூடினால் அந்தப் பலகையும் இறங்கும், நான் மறுபடி அடுப்படிக்குப் போவேன். ஆகவே மையம் நடக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. ஆனால் அது என்னால் நடக்க வேண்டும். இந்த இரண்டாவது ஆசையைத்தான் அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவளும் நானும் முதலில் நன்றாகத்தான் இருந்தோம். மாப்பிள்ளை சவுதியில், மாமியாரோடு வடகரையில் இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். என்னை 'டீச்சரக்கா' என்பாள். நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து தருவாள். மாலையில் டீ குடிக்கும்போது ஒருநாள், ஏதோ பேச்சு வாக்கில், அந்த நகப்பாலிஷ் விஷயத்தைக்கூட அவளிடம் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல ஆளுக்கா நீங்க! அண்ணாச்சிக்கு இன்னும் தெரியாதா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எனக்குக் கசக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் பாடத்துக்கு என்னிடம் வருவார்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அவளிடம் போவார்கள். மாமியார் விடவில்லை என்றால் அவள் போய்ப் பேச வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் பத்திரிகை முதலில் அவளுக்கு. கீழே டீக்கடைக்காரர் அவள் டீக்குச் சீனி குறைவு என்று தெரிந்து வைத்திருந்தார். எனக்கு மூன்று வருஷமாகப் பாயாசம்தான் வந்தது. இதெல்லாம்கூடப் போகட்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்காமல், பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து காயில் கட்டிப் பழகினாள். யாரும் சொல்லித் தராமலே அவள் முடிச்சு சுத்தமாக விழுந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிளான் ஒத்துக்கொண்ட அடுத்த வாரமே அவள் முதல் மோட்டாரைக் கொண்டுவந்துவிட்டாள். லோடு ஆட்டோவில் மோட்டாரோடு அதற்குச் சொந்தக்காரரும் கூடவே வந்தார். அச்சன்புதூரைச் சேர்ந்த சம்சாரி, மூக்குக் கண்ணாடி போட்ட அண்ணாச்சி. அன்று நான் வகுப்பில் இருந்தேன். வேண்டுமென்றே எழுந்து போகவில்லை. அவர் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"நாத்து பாவியாச்சு தாயி. தண்ணி இல்லாம அஞ்சு நாளு, அதுக்கு மேல தாங்காது. பொம்பளப் பிள்ளைய கட்டுதுன்னு எங்க ஊர்ல ஒரே சிரிப்பு. நீ சொன்னதுக்காகத்தான் கொண்டாந்தேன்."

"நாலாம் நாளு தண்ணி பாயும் அண்ணாச்சி. நீங்க கவலப்படாம போங்க."

நாலாம் நாளாம்! இவள் என்ன கட்டிக் கிழிக்கப் போகிறாள் என்று எனக்கு ஆவேசமாக வந்தது. "எனக்குத் தலைவலி, நாளைக்கு லீவு" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டீச்சர் இல்லாமல் எப்படிக் கட்டுகிறாள் பார்ப்போம் என்பதுதான் அந்தத் தலைவலி. உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்ன ஆசை இருந்தது. அவள் தடுமாறி, "டீச்சரக்கா, நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று வந்து நிற்க வேண்டும்.

மறுநாள் தங்கை குடும்பம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனது. நானும் ஒட்டிக்கொண்டேன். சாரல் பிடித்துவிட்ட நேரம். பெரிய அருவியில் பெண்கள் பக்கம் கால் வைக்க இடமில்லை. தலையில் எண்ணெயை வைத்து அழுத்திக்கொண்டு, இடித்துப் பிடித்து உள்ளே நுழைந்து நின்றேன். தண்ணீர் முதுகில் அறைகிறது. ஊர் உலகத்தில் எல்லோருக்கும் அந்தத் தண்ணீரில் மனசின் சூடு இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. "எக்ஸலண்ட்" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் வருகிறேன், எதிரில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நிற்கிறாள். சாரலில் முழுக்க நனைந்திருந்தாள். என் வீட்டுக்குப் போயிருக்கிறாள். என் வீட்டுக்காரர் இங்கே அனுப்பிவிட்டிருக்கிறார்.

"டீச்சரக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள்.

தப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அருவி செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நடந்தது இதுதான். எரிந்த மோட்டாரைத் திறந்தால் முதலில் செய்ய வேண்டியது, பழைய காயிலில் எத்தனை சுற்று, எந்தக் கேஜ், அதாவது எவ்வளவு தடிமனான கம்பி என்று எண்ணி அளந்து எழுதிக்கொள்வது. அதை எங்கள் தொழிலில் டேட்டா என்போம். அதே எண்ணிக்கையில்தான் புதுக் காயில் சுற்ற வேண்டும். குறைந்தால் மோட்டார் சூடேறி மறுபடி எரியும். கூடினால் தண்ணீரைத் தூக்காது. எங்கள் பிள்ளைகள் எண்ணவில்லை. உளியை வைத்து வெட்டி, காயிலை உருவி, வழக்கம்போல மூட்டையாகக் கட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். மையத்தில் வாராவாரம் அதைத்தான் செய்வார்கள்.

ஏன் எண்ணவில்லை? மையத்தில் பழகுவதற்குப் பன்னிரண்டு மோட்டார். மூன்று வருஷமாக அதே பன்னிரண்டு. ஒவ்வொன்றின் டேட்டாவையும் சுவரில் ஒரு பலகையில் நான் எழுதிப் போட்டிருந்தேன். மூன்றாம் நம்பர் மோட்டார் என்றால் பலகையைப் பார்த்துக்கொண்டு சுற்ற வேண்டியதுதான். எண்ண வேண்டும் என்று வாயால் சொல்லியிருக்கிறேன். எண்ண வேண்டிய தேவை ஒரு நாளும் அந்தப் பிள்ளைகளுக்கு வந்ததில்லை. அழகான கையெழுத்தில் எழுதிய பலகை அது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். தப்பு பிள்ளைகளுடையது அல்ல, என்னுடையது. அவள் அதைச் சொல்லவில்லை.

போனை எடுத்து மோட்டாரின் நேம்பிளேட் போட்டோவைக் காட்டினாள். "எப்பமோ மூடிப்போன கம்பெனியாம்க்கா. செங்கோட்டையில ரெண்டு கடையில கேட்டுட்டேன், தெரியாதுங்காவ. உங்க நோட்டுல இருக்குமா?"

காயில் கட்டுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு டேட்டா நோட்டு இருக்கும். திறந்த மோட்டார் ஒவ்வொன்றின் கணக்கும் அதில் இருக்கும். யாரும் யாருக்கும் காட்ட மாட்டார்கள். எங்கள் கடை நோட்டு முழுக்க என் கையெழுத்து.

போட்டோவைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பிளேட்டின் இடது ஓரம் நசுங்கி, ஓர் ஆணி இல்லாமல் இருந்தது. அந்த மோட்டார் எங்கள் கடைக்கு வந்திருக்கிறது. நான் கட்டியிருக்கிறேன். நோட்டில் நிச்சயம் இருக்கும். வீடு பத்து நிமிஷ தூரம்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எதிர்பார்த்த மாதிரியே வந்து நிற்கிறாள். "வா" என்று ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தால் போதும், நான்தான் காப்பாற்றினேன் என்று ஊரே சொல்லும். ஆனால் அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? இவள் பிளான் ஜெயிப்பதற்கு நான் நோட்டைக் கொடுக்க வேண்டுமா? அப்புறம் எல்லாரும் யாரைப் பார்த்து எக்ஸலண்ட் என்பார்கள்? பொறாமை அவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும்.

"எங்க கடைக்கு இந்த மோட்டாரு வந்ததே இல்லட்டி" என்றேன்.

"நல்லாப் பாருங்கக்கா."

"பாத்துட்டுத்தான சொல்லுதேன். வந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

மழைத்தண்ணீர் அவள் மூக்கு நுனியில் சொட்டியது. துடைத்துக்கொண்டாள்.

"சரிக்கா. தலையத் துவட்டுங்க, சளி பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து நோட்டை எடுத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. கை தானாக அந்தப் பக்கத்துக்குப் போனது. ஒரு காயிலுக்கு நாற்பத்திரண்டு சுற்று, இருபது கேஜ். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ள வந்துச்சே, அச்சன்புதூர் மோட்டார்னு. கண்ணாடி போட்டவரு மோட்டாருதான? நீ கட்டுனதுலா அது?"

"பேசாம சாப்பிடுங்க."

"குடுத்துட்டியா?"

"உங்களச் சாப்பிடச் சொன்னேன்!"

போன் என் பக்கத்திலேயே கிடந்தது. நாற்பத்திரண்டு என்று ஒரு மெசேஜ் தட்டினால் போதும். போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன். அந்த நாற்று காயும், கண்ணாடிக்காரர் வந்து மோட்டாரைத் தூக்கிப் போவார், அச்சன்புதூர் முழுக்கச் சிரிக்கும், இரண்டாவது மோட்டார் எங்கள் மாடிப்படி ஏறாது. மையம் மூடும். என் பெயர்ப் பலகை இறங்கும். எல்லாம் தெரிந்துதான் கவிழ்த்து வைத்தேன். எவ்வளவு பெரிய கிறுக்கி என்று பாருங்கள்.

மறுநாள் போனபோது மையத்தில் ஒரே சத்தம். பிள்ளைகள் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் முழங்கை வரை கரி. நகத்துக்குள்ளெல்லாம் கறுப்பு.

குற்றாலத்திலிருந்து நேரே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே மலையாகக் கிடந்த கம்பி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறாள். எங்கள் பிள்ளைகள் எப்போதும் வெள்ளை நாடாவால் கட்டித்தான் போடுவார்கள். அதை வைத்து எங்கள் மூட்டையைக் கண்டுபிடித்து, கருகி ஒட்டிப்போன கம்பியை இழை இழையாகப் பிரித்து எண்ணியிருக்கிறாள். கடைக்காரர் பாவம் என்று நினைத்து ஸ்டூல் போட்டுக் கொடுத்தாராம். ஒரு காயில் கட்டு எண்ணி நம்பாமல் இன்னும் இரண்டு கட்டு எண்ணினாளாம். கேஜ் அளக்கும் தகட்டை மையத்திலிருந்து ஒரு பிள்ளை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. இவ்வளவையும் பிள்ளைகள்தான் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அவர்கள் கண்ணில் அவள் இமயமலைக்குப் போய் வந்தவள் மாதிரி.

"எத்தன வந்துது?" என்று கேட்டேன். தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"நாப்பத்திரண்டுக்கா. ரெண்டு கட்டுல நாப்பத்திரண்டு, ஒண்ணுல நாப்பத்தொண்ணு. அதுல ஒரு கம்பி அறுந்து போயிருக்கும்னு நெனைக்கேன். சரியா இருக்குமா?"

நாற்பத்தொன்று என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இருக்கும்" என்றேன்.

நாலாம் நாள் அச்சன்புதூரில் மோட்டாரை இறக்கினோம். பிள்ளைகள் ஆறு பேர், அவள், நான். வரமாட்டேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் ஓடாமல் போனால் அதைப் பார்க்க ஆள் வேண்டாமா? கிணற்று மேட்டில் ஊர் ஆட்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கண்ணாடிக்காரர் ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் ஒரு முறை உறுமி, சீராக ஓட ஆரம்பித்தது. குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் செம்மண் கலந்த தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். பிள்ளைகள் கத்திய கத்தலில் தென்னையில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது.

"தாயி, உன் கை ராசியான கை" என்றார் அவர், அவளைப் பார்த்து.

எனக்குக் காது சூடானது. அதோடு விட்டாரா? மோட்டாரைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, "ஆறு வருசத்துக்கு முன்னால தென்காசியில ஒரு கடையில கட்டுனது. ஆறு வருசமும் ஒரு மக்கர் பண்ணல. அப்பிடிக் கட்டுனவன் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிடணும். அந்தக் கட நல்லாருக்கட்டும், அதுக்கப்புறம் கண்ணுலயே படல" என்றார்.

அந்தக் கை நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவை ஒரு சம்சாரி, வீட்டுக்காரர் நடுவில் இல்லாமல், என் காதுபட என் வேலையைப் புகழ்கிறார். இருபது வருஷமாகத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கேட்க ஏங்கிய சொல். ஆனால் எப்படிச் சொல்வது? அந்த மோட்டார் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை என்று நானே குற்றாலத்தில் நின்று சொல்லியாயிற்றே. அவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் குனிந்து, வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே வடகரையிலிருந்து இரண்டு மோட்டார் வந்தது. அடுத்த வாரம் நாலு. ஜூன் முடிந்தது, ஃபண்டு நின்றது, மையம் நிற்கவில்லை. சென்னை மேடம் போனில் என்னையும் வாழ்த்தினார். அவளை முதலில், என்னை அப்புறம். அதையும் நான் கவனித்தேன்.

ஜூலையில் ஒருநாள் அவள் ஒரு புது நோட்டோடு வந்தாள். பெரிய நோட்டு, கெட்டி அட்டை. "டீச்சரக்கா, இது நம்ம மையத்து டேட்டா நோட்டு. எந்த மோட்டாரத் தெறந்தாலும் எண்ணி இதுல எழுதிட்டுத்தான் வெட்டணும்னு பிள்ளையள்ட்ட சொல்லிருக்கேன். நம்மகிட்டப் படிச்சுட்டுப் போற பிள்ள யாரு வந்து கேட்டாலும் பாத்துக்கிடலாம். யாருக்கும் மறைக்காண்டாம். சரியா எழுதிருக்கான்னு பாருங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, டீ சொல்வதற்காகப் படிப் பக்கம் நகர்ந்தாள்.

மறைக்க வேண்டாம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. குத்திக் காட்டுகிறாளோ? குறை எதுவாவது கிடைக்காதா என்ற எண்ணத்தோடுதான் திறந்தேன். முதல் பக்கம் அச்சன்புதூர் மோட்டார். கட்டம் போட்டு எழுதியிருந்தாள். கம்பெனி, சுற்று நாற்பத்திரண்டு, கேஜ் இருபது, இப்போது கட்டியது யார் யார் என்று பிள்ளைகள் ஆறு பேரின் பெயர். அவள் பெயர் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு கட்டம், 'முன்னால் கட்டியது'. அதில் இருந்தது:

டீச்சரக்கா. மூடிக்குள் சிவப்புப் பொட்டு இருக்கிறது.

நோட்டு கையில் கனத்தது. அவள் டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்பம் பாத்தே?" என்றேன்.

"மோட்டார ஆட்டோல இருந்து எறக்குன அன்னைக்கே. வயரக் கழட்டும்போது மூடிக்குள்ள செவப்பாத் தெரிஞ்சுது."

"அப்பம் குத்தாலத்துக்கு வந்தது?"

"தெரிஞ்சுதான்க்கா வந்தேன்."

"பொறவு ஏன் ஒரு வார்த்த கேக்கல? அங்கன வச்சே என்னைய நாலு கேள்வி கேட்டிருக்கலாம்லா? கெணத்தடியில அத்தன பேரு முன்னால சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லி?" என்றாள். டீயை என் பக்கம் தள்ளினாள். "நீங்களும் நானும் நாளைக்கும் இந்த மாடிதான ஏறணும். குடிங்க, ஆறிரும்."

ஒரு வாய் குடித்தேன். சீனி சரியாக இருந்தது. எனக்குச் சீனி எவ்வளவு என்று அவள் கீழே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் எங்கள் கடை நோட்டைக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். சுவரில் இருந்த டேட்டா பலகையை ஈரத் துணி வைத்து நானே அழித்தேன். பிள்ளைகள் பதறிப்போய், "டீச்சர், இனிமே எப்பிடிச் சுத்த?" என்று கேட்டார்கள். "எண்ணிச் சுத்துங்க மூதிகளா" என்றேன். அவள் என் நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்மா, எத்தன மோட்டாரு! எல்லாம் நீங்க கட்டுனதாக்கா?" என்றாள். அந்தக் குரலில் கள்ளம் இல்லை, கணக்கு இல்லை. நான் அவளுக்குச் செய்தது எதுவும் அதில் இல்லை.

என் காது சூடானது. உலகத்தில் வேறு யாராவது இதற்குப் போய்ப் பொறாமைப்படுவார்களா தெரியாது. அந்த மனசு எனக்கு ஏன் இல்லாமல் போனது என்று, அவளைப் பார்த்துக்கொண்டே, வயிறு எரிய நின்றேன்.